தண்டம் உண்டு, ஈடு இல்லை

மாட்டின் வாயிலிருந்து எச்சில் நூல்நூலாக ஒழுகுகிறது. நாக்கில் கொப்புளம் உடைந்து தோல் உரிந்திருக்கிறது. குளம்புப் பிளவில் புண். காலை ஊன்ற முடியாமல் உதறிக்கொண்டே நிற்கிறது. கோமாரி என்று சொல்ல மருத்துவர் வர வேண்டியதில்லை, மாடு வளர்ப்பவர் எவருக்கும் தெரியும். அப்போது அவர் செய்ய வேண்டியதை 2009-ஆம் ஆண்டின் மத்திய அரசுச் சட்டம், விலங்குகளின் தொற்றுநோய்த் தடுப்பு மற்றும் கட்டுப்பாட்டுச் சட்டம், விதித்திருக்கிறது. கிராம நிர்வாக அலுவலரிடமோ ஊராட்சியிடமோ சொல்ல வேண்டும். நோய்கண்ட மாட்டைத் தனியே பிரித்துக் கட்ட வேண்டும். தவறினால், சட்டம் எழுதப்பட்டபடி, முதல் முறை 1,000 ரூபாய் வரை தண்டம். கட்டாவிட்டால் ஒரு மாதம் வரை சிறை.

அரசுக்கு இச்சட்டம் தரும் அதிகாரங்கள் அகலமானவை. ஒரு பகுதியைக் கட்டுப்பாட்டுப் பகுதி என்று அறிவிக்கலாம். அங்கே தடுப்பூசியைக் கட்டாயமாக்கலாம், சந்தையை மூடலாம், கால்நடை உள்ளே வருவதையும் வெளியே போவதையும் நிறுத்தலாம், சோதனைச் சாவடி போடலாம். தேவை என்று கால்நடை மருத்துவர் கருதினால், நோயுற்ற விலங்கைக் கருணைக்கொலை செய்ய எழுத்தில் உத்தரவிடலாம். உரிமையாளர் செய்யத் தவறியதை அதிகாரிகளே செய்து, செலவை அவரிடமே வசூலிக்கலாம்.

இப்படியொரு சட்டம் வேண்டுமா என்றால், வேண்டும். இதற்கு முன் உள்நாட்டு நோய்க்கட்டுப்பாட்டுக்கு மத்திய அளவில் இருந்தவை குதிரை நோய்களுக்கென 1899-லும் 1910-லும் வெள்ளையர் எழுதிய சட்டங்கள். மற்றதெல்லாம் மாநிலத்துக்கு ஒரு விதி. கோமாரி வைரஸ் மூச்சில், பாலில், லாரிச் சக்கரத்தில், ஆளின் செருப்பில்கூடப் போகும். அறிகுறி தெரியும் முன்பே தொற்றத் தொடங்கிவிடும். அதனால் பார்வைக்கு நன்றாக இருக்கும் மாட்டையும் நிறுத்திவைக்கும் அதிகாரம் அரசுக்கு இருந்தே ஆக வேண்டும். சந்தைக்கு ஓட்டிப்போகும் உரிமை பெரிதுதான். பக்கத்து ஊர்த் தொழுவத்தைக் காப்பது அதைவிடப் பெரிது.

ஆனால் இத்தனை அதிகாரங்களில் எது நோயைத் தடுக்கிறது? இதற்குப் பிரிட்டனின் அனுபவம் நல்ல சான்று. 2001 பிப்ரவரி 20 அன்று அங்கே கோமாரி உறுதியானது. நாடு முழுவதும் கால்நடை நகர்வுக்குத் தடை வந்ததோ 23-ஆம் தேதி. நோய் உறுதியாவதற்கு முன்பே ஐம்பதுக்கும் மேற்பட்ட பண்ணைகளில் தொற்று புகுந்திருந்தது என்பது பின்னர்தான் தெரிந்தது. செம்மறிகளில் கோமாரி பெரிதாக வெளியே தெரியாது. ஹெக்ஸாம், லாங்டவுன் சந்தைகள் வழியே அவை தேசமெங்கும் போய்ச் சேர்ந்திருந்தன. மார்ச் கடைசியில் அரசு கணினி மாதிரிகளை நம்பி ஒரு முடிவெடுத்தது: நோய் கண்ட பண்ணையில் 24 மணி நேரத்துக்குள்ளும், அதை ஒட்டிய பண்ணைகளில் 48 மணி நேரத்துக்குள்ளும் கால்நடைகளைக் கொல்வது. அந்த ஆண்டு முடிவதற்குள் அறுபது லட்சத்துக்கும் மேல் கொல்லப்பட்டன. அவற்றில் மிகப் பல நோயே இல்லாதவை.

கொலை நோயை அடக்கியது என்பது அரசின் வாதம். அதை அடியோடு தள்ளிவிட முடியாது. நோயுற்ற மந்தையை விரைந்து அகற்றியதில் பலன் இருந்தது. ஆனால் அண்டைப் பண்ணைக் கொலை முழு வேகம் எடுக்கும் முன்பே அன்றாடப் புதுத் தொற்று உச்சத்தைத் தொட்டு இறங்கத் தொடங்கிவிட்டது என்று கால்நடை நோயியலாளர்கள் சிலர் எடுத்துக்காட்டினார்கள். அண்டைப் பண்ணைகளில் கொல்லச் சட்டம் இடம் தருகிறதா என்ற வழக்குகளும் எழுந்தன. 2002-ல் சட்டத்தைத் திருத்தி, தொற்று பரவாமல் தடுக்க எந்தக் கால்நடையையும் கொல்லலாம் என்று அதிகாரத்தை விரித்தார்கள்.

ஆறு வருடம் கழித்து அதே நோய் மீண்டும் வந்தது. 2007 ஆகஸ்ட் 3 அன்று சர்ரேயில் உறுதியானதும் அன்றே நாடு முழுவதும் நகர்வுக்குத் தடை போட்டார்கள். பாதிக்கப்பட்ட பண்ணைகள் மொத்தம் எட்டு. 2001-ல் அந்த எண்ணிக்கை இரண்டாயிரத்தைத் தாண்டியிருந்தது. இரண்டையும் ஒரே தராசில் வைப்பதில் சிக்கல் உண்டு என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். 2007-ல் வைரஸ் பர்பிரைட் ஆய்வு வளாகத்தின் வடிகாலிலிருந்து அக்கம்பக்கத்து மாடுகளுக்குப் போனது; சந்தைச் செம்மறிகளுக்குள் புகவில்லை. அப்படியிருந்தும், முதல் நாளே நகர்வை நிறுத்துவதன் பலத்துக்கு நெருக்கமாக வேறெந்த அதிகாரமும் வரவில்லை என்றுதான் அந்த இரண்டு ஆண்டுகளையும் சேர்த்துப் பார்த்தால் எனக்குப் படுகிறது.

முதல் நாளே நிறுத்த வேண்டுமென்றால் முதல் நாளே தகவல் வர வேண்டும். இந்தியச் சட்டம் சறுக்குவது இங்கேதான்.

இரண்டு மாடு வைத்திருப்பவரின் இடத்தில் நின்று கணக்குப் போடுவோம். தகவல் சொன்னால் வாரச் சந்தை மூடப்படும். ஊரார் அவரைத்தான் சொல்வார்கள். சொசைட்டியில் பால் எடுப்பார்களா என்ற பயம் வேறு. மருத்துவர் கருணைக்கொலைக்கு உத்தரவிட்டால் மாடும் போய்விடும். மாட்டுக்கு இத்தனை ரூபாய் ஈடு தருவோம் என்ற உறுதி இந்தச் சட்டத்தில் எங்கும் இல்லை. உத்தரவை எதிர்த்து முறையிடும் வழியும் சொல்லப்படவில்லை. சொல்லாமல் இருந்தாலோ, தரகர் அன்று இரவே வந்து கிடைத்த விலைக்கு ஓட்டிப்போவார். நல்ல கறவை மாடு அரை லட்சத்துக்குமேல் விற்கும் காலத்தில் 1,000 ரூபாய் தண்டம் யாரை மிரட்டும்? மூடி மறைப்பவரைக் குற்றவாளி என்று எழுதிவிடலாம். அவரை அந்தப் பக்கம் தள்ளுவது சட்டமே.

பண உதவி அறவே இல்லை என்று சொல்லவில்லை. பறவைக் காய்ச்சலிலும் ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சலிலும் அழிக்கப்படும் கோழி, வாத்து, பன்றிகளுக்கு மத்திய, மாநில அரசுகள் பாதிக்குப் பாதி பகிர்ந்து பணம் தருகின்றன. ஆனால் அது திட்டத்தின் கீழ் வருவது. திட்டம் மாறலாம், நிதி தாமதமாகலாம். சட்டப்படி கேட்டு வாங்கும் உரிமை கிடையாது. 2022-ல் தோல் கழலை நோயில் நாட்டில் ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட மாடுகள் இறந்தன. மிக மோசமாக அடிபட்ட ராஜஸ்தான், கறவை மாட்டுக்கு 40,000 ரூபாய் வீதம் கொடுத்தது 2023-ல்தான். பறிகொடுத்த குடும்பத்துக்கு அது பெரிய ஆறுதல், குறை சொல்ல மாட்டேன். ஆனால் நோய் வந்த நாளில் யாருக்கும் தெரியாத தொகை, அன்று ஒருவரையும் வாய் திறக்க வைத்திருக்காது. முன்கூட்டியே தெரிந்த ஈடுதான் தகவலைக் கொண்டுவரும்.

அதே நோய் இன்னொன்றையும் காட்டியது. தோல் கழலை ஈ, கொசு, உண்ணி வழியாகவும் பரவுவதால் சந்தையை மூடுவது மட்டும் போதாது, தடுப்பூசி வேண்டும். தடுப்பூசியைக் கட்டாயமாக்கும் அதிகாரம் அரசிடம் இருந்தது. கையில் இருந்ததோ வேறு நோய்க்கான ஆட்டம்மைத் தடுப்பூசி. மாட்டு வெக்கை நோயை இந்தியா ஒழித்தது பல பத்தாண்டுத் தடுப்பூசிப் பணியால். அதை வீடுவீடாகப் போய்ப் போட ஆள் இருந்ததால். மருந்தும் ஆளும் இல்லாத இடத்தில் கட்டாயம் என்ற உத்தரவுக்கு மதிப்பில்லை.

ஈடு என்றால் மோசடி வரும் என்பார்கள். வரும். 2001-ல் பிரிட்டன் அறிவித்த நிலையான விலைப்பட்டியலே அடிமட்ட விலையாகிப் போய், இழப்பீட்டுச் செலவு ஏறியது. நோயை வேண்டுமென்றே வரவழைப்பார்கள் என்ற அச்சமும் பொய்யில்லை. இவற்றுக்கு வழி இருக்கிறது: சந்தை விலையைவிடச் சற்றுக் குறைவாக ஈடு வைப்பது, தகவல் சொன்ன தேதியோடு தொகையைக் கட்டுவது, தடுப்பூசி போட்டதற்குக் காதுத் தோட்டைச் சான்றாகக் கேட்பது. 2019-ல் தொடங்கிய தேசியத் தடுப்பூசித் திட்டத்தால் கால்நடைகளுக்குப் பன்னிரண்டு இலக்கக் காதுத் தோடு போடப்பட்டு வருகிறது, எனவே கணக்கு வைப்பதும் கடினமில்லை.

என் தீர்ப்பு இது. நகர்வைத் தடுக்கும் அதிகாரம் சரியானது, அதைக் குறைக்கக் கூடாது. கொல்லும் அதிகாரம் நோயுற்ற விலங்கோடு நின்றிருப்பதும் நல்லதே. பிரிட்டனைப்போல் அதை விரிக்கச் சொல்லும் குரல் எழுந்தால் எதிர்க்க வேண்டும். ஆனால் மருத்துவர் ஒருவரின் எழுத்து மட்டும் போதாது. இரண்டாவது மருத்துவரின் ஒப்புதலும், ஒரே நாளில் கேட்டு முடிக்கும் முறையீடும் சேர வேண்டும். ஈடு விஷயத்தில் சட்டம் தோற்றிருக்கிறது. கோழிக்கும் பன்றிக்கும் திட்டமாக இருக்கும் பாதிக்குப் பாதி ஏற்பாட்டை மாட்டுக்கும் ஆட்டுக்கும் நீட்டி, தகவல் சொன்ன நாளிலிருந்து இத்தனை நாளுக்குள் பணம் என்ற கெடுவோடு, தகவல் சொல்லும் கடமையை விதிக்கும் அதே பிரிவிலேயே எழுத வேண்டும்.