எதிர்பார்ப்பவர் யார்?

நமது பத்திரிகைகளின் ஆருடங்களைப் பற்றி எழுதுகிறவர்கள் அவை பலித்தனவா, பொய்த்தனவா என்று பார்ப்பதோடு நின்றுவிடுகிறார்கள். எனக்கு அது இரண்டாம்பட்சம். எல்லா ஆருடமும் சில சமயம் பொய்க்கும். கவனிக்க வேண்டியது அது சொல்லப்படும் மொழியை.

'எதிர்பார்க்கப்படுகிறது' என்பது செய்தித் தமிழின் செல்ல வினைமுற்று. ஆளுங்கட்சி வெல்லும் என்று எதிர்பார்க்கப்படுகிறது. புதிய ஆலையால் வேலைவாய்ப்பு பெருகும் என்று எதிர்பார்க்கப்படுகிறது. கோப்பை நமக்கே என்று எதிர்பார்க்கப்படுகிறது. எதிர்பார்ப்பவர் யார்? வாக்கியத்தில் அவருக்கு இடமில்லை. செயப்பாட்டுவினை தமிழுக்குப் புதியதல்ல. ஆளை ஒளித்துவைக்க அதைப் பயன்படுத்துவது செய்தி மேஜையின் பழக்கம். செம்பாக்கத்து டீக்கடையில் யாரும் இப்படிப் பேசுவதில்லை. 'அவன்தான் ஜெயிப்பான், நான் சொல்றேன் பாருங்க' என்பார்கள். மறுநாளும் அதே பெஞ்சில் வந்து உட்கார வேண்டியவர் சொல்கிற 'நான்' அது.

வங்கியில் வேலை பார்ப்பவனுக்கு இது உடனே உறுத்தும். புரோநோட்டில் எழுதிக் கொடுத்தவர் பெயர், தொகை, கையெழுத்து ஆகியவற்றில் ஒன்று குறைந்தாலும் அது வெறும் காகிதம்தான்.

2024 ஜூன் 1 மாலை வெளிவந்த கருத்துக் கணிப்புகளில் பெரும்பாலானவை தேசிய ஜனநாயகக் கூட்டணிக்கு 350 இடங்களுக்கு மேல் கொடுத்தன. ஒன்றிரண்டு 400ஐத் தொட்டன. கணிப்பு நடத்திய நிறுவனத்துக்குப் பெயர் உண்டு, கூட்டல் கழித்தல் வரம்பும் உண்டு. செய்தியாகும்போது இரண்டும் உதிர்ந்து, 'எதிர்பார்க்கப்படுகிறது' மட்டும் மிஞ்சுகிறது. ஜூன் 3 திங்களன்று சென்செக்ஸ் சுமார் 2,500 புள்ளிகள் ஏறியது. வாக்கு எண்ணிய செவ்வாயன்று சுமார் 4,390 புள்ளிகள் சரிந்தது. கூட்டணி பெற்றது 293. செய்தியை நம்பித் திங்களன்று பங்கு வாங்கிய சிறு முதலீட்டாளர் செவ்வாயன்று பறிகொடுத்தது தன் சொந்தப் பணத்தை.

இதன் பிறகு வரும் சொல் 'எதிர்பாராத' என்பது. எதிர்பாராத திருப்பம், எதிர்பாராத தோல்வி. முதல் நாள் எதிர்பார்த்ததற்கும் ஆள் இல்லை, மறுநாள் ஏமாந்ததற்கும் ஆள் இல்லை. பழி நிகழ்ச்சியின் மேல் விழுகிறது. வாக்காளன் மனதை மறைத்துவிட்டானாம்.

தொழில்துறை ஆருடம் இன்னும் பத்திரமானது. அதற்குக் கெடுத்தேதியே கிடையாது. ஆகவே பொய்த்த நாளும் தெரிவதில்லை. தாம்பரத்துக்குத் தெற்கே மறைமலை நகரில் ஃபோர்டு ஆலை இருந்த காலத்தில் சென்னைக்கு 'இந்தியாவின் டெட்ராய்ட்' என்று பட்டம். அசல் டெட்ராய்ட் 2013இல் திவால் மனு கொடுத்தது, பட்டம் மாறவில்லை. 2021 செப்டம்பரில் இந்தியாவில் கார் உற்பத்தியை நிறுத்துவதாக ஃபோர்டு அறிவித்தது. 2022இல் மறைமலை நகரில் வேலை நின்றது. 2024 செப்டம்பரில், ஏற்றுமதிக்காக ஆலையைத் திரும்பப் பயன்படுத்தும் எண்ணத்தை நிறுவனம் தெரிவித்ததும், பழைய வினைமுற்றும் வேலைக்குத் திரும்பிவிட்டது. அதை நம்பி இருபது வருடத் தவணைக்கு வீட்டுக் கடன் வாங்குகிறவர்கள் உண்டு. கடன் பத்திரத்தில் அவர்கள் பெயர் தெளிவாகவே இருக்கும்.

வேறு மாதிரியும் நடந்திருக்கிறது. 1983 உலகக் கோப்பையை ஒட்டி, இந்தியா போன்ற அணிகள் விலகிக்கொள்வது நல்லது என்ற பொருள்பட எழுதினார் 'விஸ்டன் கிரிக்கெட் மன்த்லி' ஆசிரியர் டேவிட் ஃப்ரித். கோப்பையை இந்தியா வென்றது. சொன்ன சொல் பொய்த்தவன் அதைத் தின்ன வேண்டும் என்பது ஆங்கிலேயர் வழக்கு. ஒரு வாசகர் அதை நினைவூட்டிக் கடிதம் எழுத, ஃப்ரித் தான் எழுதிய காகிதத்தை நிஜமாகவே மென்று தின்று, படத்தைத் தன் பத்திரிகையிலேயே போட்டார்.

இதை வேடிக்கைச் சம்பவமாகத்தான் எல்லோரும் சொல்கிறார்கள். எனக்கு இது மொழி நேர்மையின் விஷயம். அவர் தன் பெயரில் எழுதியிருந்தார். ஆகவே வாசகருக்குக் கேட்க ஓர் ஆள் இருந்தார். நமது பத்திரிகைகள் ஆருடத்தை விட வேண்டாம். 'எதிர்பார்க்கிறேன்' என்று எழுதிக் கீழே பெயரைப் போட்டால் போதும். பாதி ஆருடங்கள் அச்சுக்கே போகாது.