வேதத் தமிழும் அதன் பகைவரும்

கிறிஸ்து மத வேதத்தைப் பிற பாஷைகளிற் பெயர்த்தோரின் சரித்திரங்கள் பெரும்பாலும் ஒரே அச்சில் வார்க்கப்பட்டவை. வெள்ளைப் பாதிரியார் ஒருவர் கப்பலேறி வருவார். அறியாமையில் மூழ்கிய ஜனங்கள் அவரைப் பகைப்பர். அவர் காய்ச்சலையும் கல்லெறியையும் பொறுத்து நூலை முடித்து உயிர் துறப்பார். ஆங்கிலப் பள்ளியிற் பயின்ற நம்மிற் பலர் இத்தகைய சிறு நூல்களைப் படித்தவரே. தமிழ் வேதத்தின் வரலாறு இந்த அச்சுக்குள் அடங்குவதில்லை. ஆபத்து இருந்தது மெய். ஆனால் அது எத்திசையினின்று வந்தது, எவர் தலைமேல் விழுந்தது என்பவற்றை அந்நூல்கள் மாற்றியுரைக்கின்றன. அதனினும் பெருங்குறை, பட்ட பாட்டைக் காட்டியே நூலின் தமிழையும் மெச்சிவிடுவது.

பார்த்தொலொமேயு சீகன்பால்கு 1706-ஆம் ஆண்டு ஜூலை 9-ஆம் நாள் தரங்கம்பாடியில் வந்திறங்கினார். அனுப்பியவர் டென்மார்க்கு மன்னர் நான்காம் பிரடெரிக்கு. திண்ணைப் பள்ளிச் சிறுவரோடு அமர்ந்து மணலில் அரிச்சுவடி எழுதிப் பழகிய இவர், இரண்டே ஆண்டுகளில் 119 தமிழ் நூல்களுக்குக் குறிப்புரையோடு பட்டியல் எழுதினார். 1708 அக்டோபர் 17-இல் புதிய ஏற்பாட்டைப் பெயர்க்கத் தொடங்கினார். அடுத்த மாதமே டான்ஸ்பர்க் கோட்டைச் சிறையில் அடைபட்டார். அடைத்தவர் யார்? தஞ்சை மன்னரல்லர், கோயிற் குருக்களுமல்லர். கிறிஸ்தவரும் டேனியக் கம்பெனியின் தளபதியுமான ஹாசியுஸ்! ஒரு தமிழ் விதவையின் கடன் வழக்கில் பாதிரியார் அவள் பக்கம் நின்றது உடனடிக் காரணம். வியாபாரத்துக்கு வந்த ஊரில் நியாயம் பேசும் பாதிரியார் கம்பெனிக்கு வேண்டாத விருந்தாளி என்பதே உள்ளிருந்த காரணம். சிறை ஏறக்குறைய நான்கு மாதம். புதிய ஏற்பாடு முடிந்தது 1711-இல். முழுதும் அச்சேறியது 1715-இல்.

இது தரங்கம்பாடிக்கு மட்டும் உரிய விந்தையன்று. ஆங்கிலத்தில் வேதத்தைப் பெயர்த்த வில்லியம் டிண்டேலை 1536-இல் கழுத்தை நெரித்துப் பின் எரித்தவரும் கிறிஸ்தவரே. வேதம் சாமானியர் கையிற் சேர்வதை முதலில் அஞ்சியவர் வேதத்தின் காவலரென்று சொல்லிக்கொண்டவர்களே.

தமிழர் தரப்பிற் பகை இல்லையென்று வாதிப்பதற்கில்லை. ஆனால் அதன் அடி பாதிரியாரைவிட அவருக்குத் துணைநின்ற தமிழர்மீதே பலமாக விழுந்தது. கம்பெனியின் துபாஷியாயிருந்து சீகன்பால்குக்குப் பாஷை கற்பித்த அழகப்பன் என்பார் ஊரினின்று வெளியேற்றப்பட்டுத் தஞ்சைச் சிறையையும் கண்டார். நம் சமய மர்மங்களை அந்நியருக்கு உரைத்தார் என்பது குற்றச்சாட்டு. முதிய உபாத்தியாயரின் மகனும் கவிஞருமான கணபதி வாத்தியார் ஞானஸ்நானம் பெற்றபோது சுற்றத்தாரின் கொடுமைக்கு ஆளானார். பாதிரியாருக்குப் பின்னால் ஒரு மன்னரும் ஐரோப்பிய நண்பர்களும் இருந்தனர். இவர்களுக்கு எவர் இருந்தார்? ஆயினும் இன்றுவரை நாம் படிக்கும் சரித்திரங்களில் இவர்களுக்கு ஒரு வரி கிடைத்தாலே அதிகம். 1759-இல் கொழும்பில் அச்சான புதிய ஏற்பாட்டுக்குத் தம் பெயராலேயே உரிமை பெற்ற பிலிப்பு தெ மெல்லோ என்னும் தமிழ்ப் போதகர் இதற்கு அரிய விலக்கு.

இனி நூலின் தமிழுக்கு வருவோம். சீகன்பால்கின் நடை முதல் ஏர் உழுத நிலம் போன்றது, கட்டி உடையவில்லை. கடற்கரைப் பேச்சும் ஏட்டுத் தமிழும் ஒரே வாக்கியத்தில் முட்டிக்கொள்ளும். வீரமாமுனிவர் தம் வேதவிளக்கத்தில் தரங்கம்பாடித் தமிழை இகழ்ந்தது மதப் போட்டியால் வந்த கோபமெனினும், முழுதும் பொய்யன்று. 1719-இல், 36 வயதில் சீகன்பால்கு இறந்தபோது பழைய ஏற்பாடு ரூத் வரையிலேயே வந்திருந்தது. மீதியை முடித்தவர் சூல்ட்சே.

உண்மையில் நூலாக நிற்பது பப்ரிஷியுஸ் பாதிரியாரின் பெயர்ப்பே. சென்னையில் இவர் வேலைசெய்த காலம் பிரெஞ்சுக்காரரும் ஆங்கிலேயரும் ஊரைப் பந்தாடிய காலம். 1746-இல் சென்னை பிரெஞ்சுக்காரர் வசமாயிற்று. 1758-இல் லாலியின் முற்றுகை. இருமுறையும் இவர் பழவேற்காட்டுக்கு ஓடிப் பிழைத்தார். பின்னர் புதுச்சேரியிற் கைப்பற்றிய பிரெஞ்சு அச்சுப்பொறியே வேப்பேரியில் இவர் கைக்கு வந்தது! 1772-இல் புதிய ஏற்பாடு வெளியாயிற்று. முதுமையிற் கடனுக்காகச் சிறையிருந்து 1791-இல் இறந்தார். பழைய ஏற்பாடு முழுதும் வெளிவந்தது 1796-இல்.

ஆனால் நான் இவரைப் போற்றுவது ஓட்டத்துக்காக அன்று. பெயர்த்ததைப் படித்தோர், படியாதோர் இருசாராருக்கும் வாசித்துக் காட்டி, விளங்கிற்றா என்று கேட்டுத் திருத்தினார் என்பதற்காகவே. தோட்ட அலுவலகத்தில் ஆங்கில அறிவிப்புகளைத் தமிழாக்கி ஒட்டுவது என் போன்ற கிராணிமாரின் அன்றாட வேலை. பலகையில் ஒட்டுமுன் எழுத்தறியாத கிழவி ஒருத்திக்கு வாசித்துக் காட்டினால், எந்தச் சொல் நொண்டுகிறதென்று அவள் முகமே சொல்லும். பப்ரிஷியுஸின் வாக்கியங்கள் சில இடங்களில் மூச்சு முட்ட நீள்கின்றன. எபிரேயத்தின் வரிசையை விடமாட்டேனென்று அவை பிடிவாதம் செய்கின்றன. எனினும் வாய்விட்டு வாசித்தாற் காது ஏற்கிறது. 1871-இல் பவர் குழுவினரின் பொதுப் பெயர்ப்பு வந்த பின்னும் லுத்தரன் சபையார் இதனை நெடுங்காலம் கைவிடவில்லை. அச்சபையின் தமிழர் மலாயாவுக்கு வந்து இங்கும் சபை கட்டினர்.

இலக்கணச் சுத்தமே போதுமென்பார்க்கு யாழ்ப்பாணத்துக் கதை ஒன்று உண்டு. பீட்டர் பெர்சிவல் பாதிரியாரோடு அமர்ந்து வேதத்தைச் செம்மை செய்தவர் சைவராகவே வாழ்ந்த ஆறுமுக நாவலர்! பின்னாளில் மிஷன்களுக்கு அவரினும் பெரிய பகைவர் இலர். 1850-இல் வந்த அப்பெயர்ப்பின் தமிழைப் பண்டிதர் மெச்சினர். தமிழ்நாட்டுச் சபைகளோ ஏற்கவில்லை. பகைவர் கையால் நல்ல தமிழும் கிடைத்தது. அன்பர் கையால் அது ஒதுக்கவும்பட்டது.

கடவுளைக் குறிக்கும் சொல்லையே பாருங்கள். சீகன்பால்குக்குச் சர்வேசுரன், பப்ரிஷியுஸுக்குப் பராபரன், பொதுப் பெயர்ப்பில் தேவன், 1995-இன் திருவிவிலியத்திற் கடவுள். நான்கும் ஊரார் வாயிற் புழங்கிய சொற்கள். எவரும் எமதென்று வழக்காடவில்லை. மலாய் வேதத்துக்கு அந்த அமைதி வாய்க்கவில்லை. 1629-இல் அச்சான மத்தேயு சுவிசேஷத்தினின்று தொடரும் பழைய பெயர்ப்பு அது. 2014 ஜனவரியில் சிலாங்கூர் சமய அதிகாரிகள் வேதாகமச் சங்கத்தினின்று 300-க்கு மேற்பட்ட மலாய், ஈபான் பிரதிகளைக் கைப்பற்றியது ஒரு சொல்லைப் பற்றிய வழக்கினால். பேராக்கின் அரச நகரான கோலா கங்சாரில் வசிக்கும் நமக்கு, சொல் எவருடையது என்னும் கேள்வி ஏட்டுக் கேள்வி மாத்திரமன்று.

தோட்டங்கள் துண்டாடப்பட்டு லயங்கள் காலியாகும்போது முதலிற் குப்பைக்குப் போவன தகரப் பெட்டியின் அடியிற் கிடக்கும் பழம் புத்தகங்களே. பாட்டனார் கொண்டுவந்த வேதப் பிரதி எவர் வீட்டிலேனும் இருப்பின், மதம் எதுவாயினும் சரி, முதல் அதிகாரத்தைத் திறந்து பாருங்கள். ஆதியிலே வானத்தையும் பூமியையும் படைத்தவர் பராபரன் என்றிருந்தால், அது பப்ரிஷியுஸின் தமிழாயிருக்கக் கூடும். அதனை எரிக்காது ஒரு நூல்நிலையத்திற் சேர்ப்பியுங்கள்.