படத்தில் விடுபட்ட சாம்பல்

அனல்மின் நிலையத்தின் படத்தைப் பாடநூலில் பார்த்திருப்பீர்கள். நிலக்கரி உள்ளே போகிறது. கொதிகலனில் நீர் ஆவியாகிறது. ஆவி சுழலியைச் சுழற்றுகிறது. மின்னாக்கியிலிருந்து கம்பி வெளியே வருகிறது. இதில் பிழை ஏதும் இல்லை. ஆனால் சாம்பல் எங்கே?

சேலம் மாவட்டத்து மேட்டூரையே எடுத்துக்கொள்வோம். 1987 முதல் 1990 வரை அங்கே தலா 210 மெகாவாட் திறனுள்ள நான்கு அலகுகள் ஓடத் தொடங்கின. 600 மெகாவாட் அலகு ஒன்று 2013இல் சேர்ந்தது. 1934இல் கட்டி முடிந்த அணை அருகிலேயே இருப்பதால் நீருக்குக் குறைவில்லை. நிலக்கரியின் கதை வேறு. அது ஒடிசாவின் தால்சேர் போன்ற சுரங்கங்களிலிருந்து, ஆயிரம் கிலோமீட்டருக்கும் அப்பாலிருந்து, கப்பலிலும் ரயிலிலுமாக வந்து சேர வேண்டும்.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். முதல் நான்கு அலகுகளும் முழுத்திறனில் ஓடினால் நாளொன்றுக்குச் சுமார் 2 கோடி யூனிட் கிடைக்கும். யூனிட்டுக்கு 0.7 கிலோ எனக் கொண்டால் 14,000 டன் நிலக்கரி தேவை. அதில் நூற்றுக்கு 40 பங்கு சாம்பல் என்றால் 5,600 டன். அறுபது டன் கொள்ளும் வாகன்கள் தொண்ணூற்றுக்கும் மேல், நாள்தோறும் எரியாத மண்ணையும் கல்லையும் சுமந்து வருகின்றன! வந்த பிறகும் தொல்லைதான். சாம்பலிலுள்ள குவார்ட்ஸ் துகள்கள் அரவை எந்திரத்தையும் கொதிகலன் குழாய்களையும் தேய்க்கின்றன. நம் நிலக்கரியில் கந்தகம் குறைவு, அது நல்லதுதான். ஆனால் அதனாலேயே சாம்பல் துகள்களின் மின்தடை கூடி, அவற்றைப் புகையிலிருந்து பிரிக்கும் மின் தூசிப் பிரிப்பான்களைப் பெரிதாகக் கட்ட வேண்டியிருக்கிறது.

சுரங்கத்திலிருந்து 1,000 கிலோமீட்டருக்கு அப்பாலுள்ள நிலையங்கள் 34 விழுக்காட்டுக்கு மேல் சாம்பலுள்ள நிலக்கரியை எரிக்கக் கூடாது என மத்திய அரசு 1997இல் விதி செய்தது. 2001இல் அது நடைமுறைக்கு வந்தது. 2020இல் அரசே அதைக் கைவிட்டது. நிலக்கரியைக் கழுவினாலும் சாம்பல் ஒழிவதில்லை, இடம்தான் மாறுகிறது என்பது அதற்குச் சொன்ன விளக்கங்களில் ஒன்று. உண்மைதான், சுரங்கத்தருகே வாழ்வோருக்கு அந்தக் கழிவும் சுமையே. என்றாலும் அந்த விளக்கம் வாகன்களை மறந்துவிடுகிறது. நம் கணக்கில் 40 விழுக்காடு 34 ஆனாலே, நாளுக்கு 840 டன், அதாவது பதினான்கு வாகன் சுமை மிச்சம்.

இனி அந்தப் படத்தை வரையும்போது இரண்டு அம்புக்குறிகளைக் கூட்டுங்கள். ஒன்று கொதிகலனின் அடியில். சாம்பலில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு அங்கே விழுகிறது. மற்றது புகைபோக்கிக்குச் சற்று முன்னே, மீதி நான்கு பங்குக்கு.