‘தகுதி’ என்னும் கலைச்சொல்லும் சமூகவியலின் முதற்பாடமும்

திறவுச்சொற்கள்: சமூகவியல், கலைச்சொல்லாக்கம், தகுதி, நிலை, மதிப்பு, லிண்டன், அம்பேத்கர்

சமூகவியலைத் தமிழ்வழியில் பயிலத் தொடங்கும் மாணவர் சமூகம், குழு, நிறுவனம், பண்பாடு ஆகிய கருத்தாக்கங்களோடு விரைவில் எதிர்கொள்ளும் மற்றொன்று ‘ஸ்டேட்டஸ்’. இதற்குத் தமிழில் தகுதி, அந்தஸ்து, நிலை, படிநிலை எனப் பல சொற்கள் வழங்குகின்றன. கலைச்சொற்களில் ஒருமைப்பாடு இல்லை என்னும் பழைய குறையாக இதனைக் கருதிக் கடந்துவிட இயலும். ஆயின், இவற்றுள் ‘தகுதி’ ஏனையவற்றைப் போன்ற மாற்றுச்சொல் அன்று. அது விளக்க வந்த கருத்தாக்கத்தையே தலைகீழாக்கிவிடுகிறது.

இன்றைய பாடநூல் வரையறைக்கு அடிப்படையாக அமைந்தது அமெரிக்க மானிடவியலாளர் ரால்ஃப் லிண்டன் 1936இல் வெளியிட்ட ‘மனிதனைப் பற்றிய ஆய்வு’ என்னும் நூலாகும். ஸ்டேட்டஸ் என அவர் குறிப்பது, அதனை வகிக்கும் ஆளிலிருந்து பிரித்துக் காணத்தக்க உரிமைகள், கடமைகள் ஆகியவற்றின் தொகுதியை. அவற்றைச் செயற்படுத்துவது பங்கு. (‘பங்கு’ என்பதும் பாகப்பிரிவினையை நினைவூட்டும் சொல்லே; எனினும் அதனால் பெருந்தீங்கு இல்லை.) இந்நிலைகளை லிண்டன் இருவகையாகப் பகுக்கிறார். ஒருவரின் இயல்பான வேறுபாடுகளையோ ஆற்றல்களையோ கருதாமல் அவருக்கு வழங்கப்படுபவை சார்த்தப்பட்டவை. தனித்திறனைக் குறைந்த அளவிலேனும் வேண்டுபவை எய்தப்பட்டவை.

ஆற்றலைக் கருதாமை என்பதே முதல்வகையின் வரையறைக் கூறு. அதற்குப் ‘பிறப்புவழித் தகுதி’ எனப் பெயரிடும்போது, தகுதியைப் பாராமல் வழங்கப்படும் தகுதி என்னும் முரண்தொடர் உருவாகிறது. முரண் வெளிப்படையாகத் தெரிந்தால் மாணவர் கேள்வி கேட்பார். ஆனால் தமிழ்ச்சூழலில் அது முரணாகத் தெரிவதில்லை. பிறப்பையும் தகுதியையும் ஒன்றாக எண்ணும் பழக்கம் இங்கு ஏற்கெனவே உள்ளது. கலைச்சொல் அப்பழக்கத்திற்குப் பாடநூலின் ஏற்பை வழங்கிவிடுகிறது.

இச்சொல்லின் பொருள்வரலாறும் இதற்கு இடந்தருகிறது. ‘தகு’ என்னும் அடியிலிருந்து தக்க, தகவு, தகைமை முதலியன பிறக்கின்றன. அனைத்திலும் பொருத்தம், மேன்மை என்னும் மதிப்பீடு உறைகிறது. திருக்குறளின் நடுவுநிலைமை அதிகாரத்தில் ‘தகுதி’ நடுவுநிலைமையையே குறிக்கிறது. இலக்கணிகள் கூறும் தகுதிவழக்கு, ஒன்றை அதற்கு உரிய சொல்லால் கூறாமல் வேறொரு தக்க சொல்லால் கூறுவது. இருபதாம் நூற்றாண்டில் இடஒதுக்கீட்டு விவாதத்தில் ‘தகுதி, திறமை’ என்னும் இணைச்சொல் நிலைபெற்றது. இன்றைய மாணவர் செவியில் முதலில் ஒலிப்பது இந்த இறுதிப்பொருளே.

கலைச்சொல்லுக்குத் தரப்படும் வரையறையே அதன் பொருள் என்றும், அன்றாடப் பொருளைக் கருத வேண்டியதில்லை என்றும் ஒரு மறுப்பு எழலாம். இயற்பியலில் ‘வேலை’ என்னும் சொல் அவ்வாறே நிலைபெற்றது. விசையின் கணக்கைச் செய்யும் மாணவர் அதனை அலுவலக வேலையோடு குழப்பிக்கொள்வதில்லை. ஆனால் சமூகவியலின் நிலை வேறு. இங்கு அன்றாடச் சொல்லும் கலைச்சொல்லும் ஒரே பொருளைப் பற்றியே பேசுகின்றன. தெருவில் சாதியைப் பற்றிப் பேசப் பயன்படும் சொல்லே வகுப்பறையில் சாதியை ஆராயவும் பயன்படும்போது, வரையறை பின்தங்கிவிடுகிறது.

லிண்டனின் நூல் வெளிவந்த அதே 1936இல் அம்பேத்கரின் ‘சாதி ஒழிப்பு’ம் வெளிவந்தது. சாதி வேலைப்பிரிவினை மட்டுமன்று, வேலை செய்வோரைப் பிரித்து அடுக்குவது என்பது அதன் புகழ்பெற்ற வாதம். அதனை ஒட்டி அம்பேத்கர் மேலும் ஒன்றைக் கூறுகிறார்: சாதியமைப்பு பயிற்சி பெற்ற ஆற்றலைக் கொண்டு தொழிலை ஒதுக்குவதில்லை, பெற்றோரின் சமூக நிலையைக் கொண்டே முன்கூட்டி ஒதுக்குகிறது. ஆங்கில மூலத்தில் ஆற்றலுக்கு எதிர்முனையில் நிற்கும் சொல் ‘ஸ்டேட்டஸ்’. அவ்விடத்தில் ‘பெற்றோரின் சமூகத் தகுதி’ என்று எழுதினால், திறனுக்கும் தகுதிக்கும் இடையே எதிர்நிலையே இல்லாமற் போகிறது. வாதத்தின் கூர்மை ஒரு சொல்லில் மழுங்குகிறது.

மாக்ஸ் வேபரைக் கற்பிக்கும்போது இச்சிக்கல் வேறு வடிவம் கொள்கிறது. வேபர் ‘ஷ்டாண்ட்’ எனக் குறிப்பது சமூக மதிப்பைப் பகிரும் குழுவை. லிண்டன் குறிப்பது உரிமை, கடமைகளின் இடத்தை. ஆங்கிலம் இரண்டையும் ஒரே சொல்லால் வழங்கியது. அக்குழப்பத்தைத் தமிழும் சுமக்கத் தேவையில்லை. ஆந்த்ரே பெத்தேயின் ‘சாதி, வர்க்கம், அதிகாரம்’ (1965) தஞ்சாவூர் மாவட்டச் சிற்றூர் ஒன்றை ஆராய்ந்தது. சடங்கு மதிப்பு, நில உடைமை, ஊராட்சி அதிகாரம் ஆகியன முன்னர்ப் பெரிதும் ஒன்றுகூடி இருந்து பின்னர்ப் பிரிந்து சென்றதை அந்நூல் காட்டுகிறது. அதிகாரம் பிராமணர் அல்லாதார் கைக்கு மாறியதை விளக்கும் பகுதியில் ‘தகுதி’ என்னும் சொல் நுழைந்தால், அக்கிரகாரம் அதிகாரத்தை இழந்தும் தகுதியை இழக்கவில்லை என்றாகிவிடும். ஆய்வாளர் விவரித்தது மதிப்பை. வாசகர் பெறுவது நற்சான்றை. ‘அந்தஸ்து’ இங்கு ஓரளவு பொருந்தும்; ஆனால் அந்தஸ்து உள்ளவர், இல்லாதவர் எனப் பேசப்படுவதால், அனைவருக்கும் ஏதேனும் ஒரு நிலை உண்டு என்னும் லிண்டன் கருத்தை அது தாங்காது.

லிண்டனின் கருத்தாக்கத்திற்கு மிக அருகில் வரும் தமிழ்ச்சொல் உறவுமுறையில் உள்ளது. ‘அவர் உனக்கு என்ன முறை?’ என்னும் கேள்வி ஆளைக் கேட்பதில்லை, இடத்தைக் கேட்கிறது. காதணி விழாவில் குழந்தையை மடியில் அமர்த்தும் உரிமையும் சீர் செய்யும் கடமையும் தாய்மாமனுக்கு உண்டு. அவர் கற்றவரா, பொருள் உள்ளவரா என்பது அவ்வுரிமைக்கு அடிப்படையன்று. உடன்பிறந்த தாய்மாமன் இல்லாதபோது, அம்முறை உள்ள வேறொருவர் அவ்விடத்தில் அமர்கிறார். நிலை வேறு, அதனை வகிப்பவர் வேறு என்பதை இதைவிட எளிதாக விளக்கும் மேலைநாட்டு எடுத்துக்காட்டைத் தேடவேண்டியதில்லை. உறவுமுறைக்கு அப்பால் ‘முறை’ வழிமுறை, ஒழுங்கு எனப் பொருள் விரிவதால் அதனையே கலைச்சொல்லாக்க இயலாது. எனினும் முதல் வகுப்பின் தொடக்கமாக அது அமையலாம்.

கலைச்சொல்லாக ‘சமூக நிலை’ போதுமானது. ‘நிலை’ பொதுச்சொல் என்பது உண்மையே. ஆனால் அதன் பொதுமை எவரையும் உயர்த்துவதோ தாழ்த்துவதோ இல்லை. வேபருக்கு ‘மதிப்பு’, ‘மதிப்புக்குழு’ என்பவற்றைத் தனியே வைத்துக்கொள்ளலாம். ‘பிறப்புவழி’ என்னும் அடைமொழியும் கைவிடத்தக்கது. முதுமை போன்ற வயதுநிலைகள் பிறப்பன்று வருவனவல்ல. ‘சார்த்தப்பட்ட நிலை’ என்னும் தொடருக்கு மற்றொரு பயனும் உண்டு. சாதியைப் பிறப்புவழித் தகுதி எனப் படிக்கும் மாணவர் அதனை மனனம் செய்துகொள்கிறார். சார்த்தப்பட்ட நிலை எனப் படிப்பவரோ, சார்த்தியவர் யார் என்று கேட்கிறார்.