தனிக்குரலும் கூட்டுக்குரலும்: இளையராஜாவின் திருவாசக இசைத்தொகுப்பை முன்வைத்து

செவிக்குப் பழகிய பாடலொன்றைப் புதியதோர் இசைக்கோலத்தில் கேட்கும்போது, அது மூலத்திலிருந்து எவ்வளவு விலகியது என்று அளப்பதே நம் முதல் இயல்பாக உள்ளது. ஆங்கிலப் பாடகர் பீட்டர் கேபிரியல், பிறர் பாடிய 12 பாடல்களைக் கிட்டாரும் டிரம்ஸும் இன்றி, ஆர்க்கெஸ்ட்ரா எனப்படும் பல்லியக்குழுவுடன் பாடி, 'ஸ்கிராச் மை பேக்' என்னும் தொகுப்பாக 2010இல் வெளியிட்டார். ராக் இசைக்கு உயிர்நாடியாகக் கருதப்படும் கருவிகள் விலகியதும் அப்பாடல்களின் சொற்கள் முன்னுக்கு வந்தன. இத்தகைய முயற்சியை மதிப்பிடுவதற்குரிய வினா, 'எது மாறியது?' என்பதன்று, 'மாற்றத்தால் சொல் துலங்கியதா?' என்பதே.

இவ்வினாவைத் தமிழில் எழுப்பத்தக்க படைப்பு, 2005இல் வெளிவந்த இளையராஜாவின் திருவாசக இசைத்தொகுப்பு. சென்னைத் தமிழ் மையம் வெளியிட்ட இத்தொகுப்பில் புடாபெஸ்ட் சிம்பொனி இசைக்குழு இசைத்தது. ஆங்கில வரிகளை அமெரிக்கப் பாடலாசிரியர் ஸ்டீபன் சுவார்ட்ஸ் எழுதினார். 'சிம்பொனி' என்னும் பெயரால் இது அறியப்படினும், சமயப் பனுவலைத் தனிக்குரல், கூட்டுக்குரல், பல்லியம் ஆகியவற்றால் நிகழ்த்தும் 'ஒரட்டோரியோ' வகையே இதற்குப் பொருந்தும்.

இத்தொகுப்பு பண் மரபை மீறியது என்பார் உளர். தேவாரத்திற்குப் பண்கள் வகுக்கப்பட்டிருப்பது போலத் திருவாசகத்திற்கு வகுக்கப்படவில்லை. மோகன இராகத்தில் ஓதுவது வழிவழி வந்த வழக்கு. அவ்வழக்கு போற்றத்தக்கது, ஆயினும் அதுவே முடிந்த அளவுகோலாகிவிடாது. அயல்நாட்டுக் குழு இசைத்ததனாலேயே தமிழ் உயர்ந்தது என்னும் பாராட்டும் அளவுகோலாகாது. திருவாசகத்தின் பெருமைக்குப் புடாபெஸ்டின் சான்று வேண்டுவதில்லை.

அளவுகோலை நூலினுள்ளேயே தேடுதல் தகும். திருவாசகத்தின் 51 பகுதிகளிலும் பேசும் குரல் ஒன்றன்று. அடியார்களை உடன்வர அழைக்கும் குரல் யாத்திரைப்பத்தில் உள்ளது. திருப்பொற்சுண்ணம் மகளிர் கூடி நறுமணப்பொடி இடிக்கும்போது பாடுவதாக அமைந்தது. சிவபுராணத்தின் நடுப்பகுதியிலும் பிடித்த பத்திலும் ஒலிப்பதோ இறைவன்முன் தனித்து நிற்கும் ஓர் உயிரின் குரல். பல்லியமும் கூட்டுக்குரலும் இயல்பாகவே பன்மைத் தன்மையுடையவை. எனவே, அவை நூலின் பன்மைக்குத் துணைசெய்து, அதன் தனிமைக்கு வழிவிடுகின்றனவா என்பதே ஆய்வுக்குரியது.

யாத்திரைப்பத்தைத் தொடக்கமாக வைத்தது இவ்வகையில் நுட்பமான தேர்வு. நூல் வரிசையில் 45ஆவதாக நிற்கும் இப்பகுதி, தொகுப்பில் வாயிலாகிறது. 'வாருங்கள்' எனப் பலரை அழைக்கும் பாட்டைப் பலர் பாடுதல் பொருளோடு இயைகிறது. திருப்பொற்சுண்ணத்திலும் அவ்வாறே. உரலும் உலக்கையும் பிறப்பித்த பாட்டிற்குக் கூட்டுக்குரலும் தாளமும் அயலானவை அல்ல. இவ்விடங்களில் புதிய இசை, ஏட்டில் உறங்கிய நாட்டுப்புறக் கூறினை எழுப்பிவிடுகிறது எனலாம்.

சிவபுராணப் பகுதியில் நமக்கு மாற்றுக் கருத்து உண்டு. இப்பாடல் நூலின் தொடக்கத்திலிருந்து எழாமல், தன் சிறுமையைக் கவிஞர் உணரும் இடத்திலிருந்து எழுகிறது. அத்தேர்வு பாராட்டத்தக்கது. ஆனால், சிவபுராணம் கலிவெண்பாவால் ஆனது. 95 அடிகளும் பகுப்பின்றி ஓடுவன. புல் முதலாகப் பிறவிகள் ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கப்பட, அவ்வடுக்கின் மூச்சுமுட்டலே இளைப்பாக முடிகிறது. யாப்பே இங்குப் பொருளாகிறது. ஏறத்தாழ 20 நிமிடம் நீளும் இசையில் ஆங்கில வரிகளும் கருவியிசையும் இடைபுகும்போது அவ்வோட்டம் துண்டுபடுகிறது. 1900இல் வெளிவந்த போப்பையரின் ஆங்கில ஆக்கம் மூலத்தின் அருகே தனியாக நின்றது. இங்கோ ஆங்கிலம் பாட்டின் உள்ளேயே நுழைந்து, அயலார்க்கு வாயில் திறக்கும் அதே வேளையில் தமிழின் தொடர்ச்சியைத் தடுக்கிறது. இளையராஜாவின் தனிக்குரல் ஒலிக்கும் இடங்களிலேயே அப்பாட்டின் தனிமை நமக்கு மீள்கிறது.

மலேசியத் தமிழாசிரியர்க்கு இது வெறும் இசைச்சுவை பற்றிய வினா அன்று. புத்ராஜெயா எழுந்த நிலத்திலிருந்த தோட்டங்களின் தொழிலாளர் குடும்பங்கள் 1990களில் டெங்கில் வட்டாரத்திற்கு இடம்பெயர்ந்தன. அத்தகைய குடும்பங்கள் உடன்கொண்டு வரக்கூடிய செல்வங்களுள் கோயிலில் கேட்ட பாட்டும் ஒன்று. ஒருவர் முன்மொழிய ஏனையோர் பின்மொழியும் ஓதல்முறையில் தனிக்குரலும் கூட்டுக்குரலும் பகையின்றி இயங்குகின்றன. அம்முறையை அறியாத மாணவர்க்கு ஒலிப்பதிவே முதல் திருவாசகமாகிவிடக் கூடும்.

ஆகவே, வகுப்பில் முதலில் பாடத்தைச் சீர்பிரித்து வாய்விட்டுப் படிக்கச் செய்தலும், அடுத்து ஓதுவார் மரபைக் கேட்பித்தலும், அதன்பின் இத்தொகுப்பை ஒலிக்கவிடுதலும் தக்க முறையாகும். மூலம் செவியில் இருந்தால்தான் மாற்றம் மாற்றமாகக் கேட்கும். தொகுப்பின் இறுதிப் பாடல் அச்சப்பத்து. புற்றிலுள்ள பாம்புக்கும் அஞ்சாத கவிஞர், அன்பில்லாதவரைக் கண்டே அஞ்சுகிறார். நாமும் புதிய இசைக்கு அஞ்சவேண்டுவதில்லை. சொல்லின்மேல் அன்பு குறைந்த செவிக்கே அஞ்சுதல் வேண்டும்.