பட்டறைக்கு அனுப்பப்படுகிறவர்கள்

பத்தாம் வகுப்புத் தேர்வு முடிவு வந்த கையோடு தமிழ்நாட்டு மேல்நிலைப் பள்ளிகளில் இடங்கள் மேலிருந்து கீழாக நிரம்பத் தொடங்கும். நல்ல மார்க் வாங்கியவர்களுக்குக் கணிதமும் உயிரியலும் சேர்ந்த ஃபர்ஸ்ட் குரூப். அடுத்த படியில் கணினி அறிவியல், அதற்கடுத்து வணிகவியல். எதிலும் இடம் கிடைக்காமல் அலுவலக வாசலில் நிற்கும் பிள்ளைகளுக்குக் கடைசியாக ஒரு யோசனை சொல்லப்படும்: “வொகேஷனல்ல சேர்ந்துக்கோ, பாஸ் பண்றது சுலபம்.” இது எந்த அரசாணையிலும் இல்லை. ஆனாலும் பெரும்பாலான பள்ளிகளில் இதுவே நடைமுறை.

தொழில்நுட்பத்தையும் வடிவமைப்பையும் பள்ளிப் பருவத்திலேயே கையால் செய்து கற்க இந்த மாநிலத்தில் நெடுங்காலமாக இருக்கும் வழி, இந்தத் தொழிற்கல்விப் பிரிவுதான். அடிப்படை இயந்திரவியல், மின் பொறியியல், மின்னணுவியல், கட்டடப் பொறியியல், ஆட்டோமொபைல், நெசவுத் தொழில்நுட்பம், ஆடை வடிவமைப்பு, வேளாண்மை, செவிலியம் என்று பட்டியல் நீளமானது. 1964–66இன் கோத்தாரி கல்விக் குழு, மேல்நிலைக் கல்வியைத் தொழிலோடு இணைக்கச் சொன்னது. 1978இல் பி.யு.சி. போய்ப் பிளஸ் டூ வந்தபோது, தமிழ்நாடு அந்தப் பரிந்துரையை ஏட்டோடு விட்டுவிடாமல் பள்ளிகளில் பட்டறைகளைத் திறந்தது. பல மாநிலங்கள் பேச்சோடு நிறுத்திக்கொண்ட காலத்தில் இது துணிச்சலான காரியம்.

பாடத்தின் தரத்தைப் பட்டறைக்குள் போய்ப் பார்த்தால்தான் தெரியும். ஃபிட்டிங் பயிற்சியின் தொடக்கம், ஓர் இரும்புத் தகட்டை வைஸில் இறுக்கி அரத்தால் ராவிச் சதுரமாக்குவது. பார்க்க எளிது. அரம் மட்டமாக ஓடாமல் கை லேசாக ஆடினாலே விளிம்பின் நடுப்பகுதி மேடாகி ஓரங்கள் சரிந்துவிடும். மூலைமட்டத்தை வைத்து வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்தால், ஒளி கசியும் இடத்தில் பிழை அப்பட்டமாகத் தெரியும். மேட்டை மட்டும் ராவ வேண்டும்; அவசரப்பட்டு ராவினால் அளவு குறைந்துபோகும், குறைந்த இரும்பை மறுபடி ஒட்ட முடியாது. தன் பிழையைத் தானே கண்டுபிடித்துத் திருத்தும் பழக்கத்தை, நோட்ஸ் மனப்பாடம் செய்யும் வகுப்பு எதுவும் இவ்வளவு நேராகக் கற்பிப்பதில்லை.

ஆடை வடிவமைப்பிலும் அப்படித்தான். துணியின் பாவு நூல் ஓடும் திசைக்கு இணையாகக் காகிதப் பேட்டர்னை வைத்து வெட்ட வேண்டும். கொஞ்சம் சாய்த்து வெட்டினாலும் தைக்கும்போது தெரியாது. சலவைக்குப் போய் வந்த பிறகு பக்கத் தையல் முறுக்கிக்கொண்டு முன்பக்கம் வந்து நிற்கும். திருப்பூரில் ஒரு பேட்டர்ன் மாஸ்டருக்கு இருக்கும் மரியாதைக்கு அடிப்படை இதுபோன்ற நுணுக்கங்கள்தான். உடம்பின் அளவு, வடிவியல், துணியின் குணம் மூன்றும் தெரியாமல் அந்த வேலை நடக்காது.

இந்தப் பிரிவின் பெருமை தொழில் கற்றுத் தருவதோடு முடிவதில்லை. தமிழ்நாட்டில் ‘தொழிற்கல்வி’ என்றதுமே 1953 நினைவுக்கு வரும். ராஜாஜி கொண்டுவந்த திட்டம், தொடக்கப் பள்ளிப் பிள்ளைகள் பாதி நாள் பள்ளியிலும் மீதி நேரம் பெற்றோரின் தொழிலிலும் கழிக்க வேண்டும் என்றது. குலக்கல்வி என்று எதிர்ப்பு கிளம்பி, 1954இல் காமராசர் முதல்வரானதும் அது கைவிடப்பட்டது. 1978இன் பள்ளிப் பட்டறை அதற்கு நேர் எதிரானது. கொல்லர் வீட்டில் பிறக்காத பிள்ளையும் லேத் பிடிக்கலாம். நெசவாளர் வீட்டுப் பெண் மின் மோட்டாருக்குக் காயில் சுற்றலாம். தொழிலைப் பிறப்பிலிருந்து பிரித்து எல்லோருக்குமான படிப்பாக வைத்தது அந்த ஏற்பாடு.

நடந்தது வேறு. யார் எங்கே சேர்வது என்பதைப் பத்தாம் வகுப்பு மார்க்கிடம் ஒப்படைத்ததால், பழைய வரிசை கொல்லைப்புறமாகத் திரும்பி வந்தது. டியூஷனுக்குப் பணம் இல்லாத வீடு, படிப்பில் உதவ ஆளில்லாத வீடு, பள்ளி விட்டதும் வேலைக்கு ஓடும் பிள்ளை: குறைந்த மார்க் பெரும்பாலும் இங்கிருந்துதான் வருகிறது. ஆக, பட்டறைக்கு வருவது இரும்பிலோ துணியிலோ ஆர்வம் கொண்டவர்கள் அல்ல. வேறு வகுப்பில் சேர்த்துக்கொள்ளப்படாதவர்கள். அதற்குள்ளும் ஆண்களுக்கு இயந்திரவியல், பெண்களுக்குத் தையலும் செவிலியமும் என்று கேட்காமலே ஒரு பங்கீடு. மறுபக்கம், கைவேலையில் கெட்டிக்காரரான ஒரு மாணவர் 480 மார்க் எடுத்துவிட்டால், பட்டறைப் பக்கம் போக வீடும் விடாது, பள்ளியும் விடாது.

வெளியேறும் வழிகள் இல்லாமல் இல்லை. பொறியியல் கலந்தாய்வில் தொழிற்கல்வி மாணவர்களுக்குத் தனி தரவரிசையும் ஒதுக்கீடும் உண்டு. பாலிடெக்னிக்கில் நேரடியாக இரண்டாம் ஆண்டு சேரலாம். 1961ஆம் ஆண்டின் தொழில் பழகுநர் சட்டம் 1986இல் திருத்தப்பட்ட பிறகு, தொழிற்கல்விச் சான்றிதழோடு ஊதியத்துடன் கூடிய ஓராண்டுப் பயிற்சியும் பெறலாம். ஆனால் கணக்குப் போட்டுப் பார்த்தால் ஒன்று இடிக்கிறது. பத்தாம் வகுப்பு முடித்து நேராக டிப்ளமோ சேர்ந்தவர், மூன்று ஆண்டு டிப்ளமோவும் மூன்று ஆண்டு பி.இ.யுமாக ஆறு ஆண்டுகளில் பொறியாளர் ஆகிறார். தொழிற்கல்வி முடித்து டிப்ளமோ வழியாகப் போகிறவருக்கோ இரண்டும் இரண்டும் மூன்றும், ஆக ஏழு ஆண்டுகள். பட்டறையில் கழித்த இரண்டு ஆண்டுகளுக்குக் கிடைக்கும் கழிவு ஒரே ஆண்டுதான். வேலைக்கென்று போனால் பெரிய தொழிற்சாலைகள் ஐ.டி.ஐ. சான்றிதழ் இருக்கிறதா என்று கேட்கின்றன.

கணினி அறிவியல் குரூப் இந்தச் சங்கடத்திலிருந்து தப்பியதாகத் தோன்றலாம். பாடத்திட்டத்தைப் பொறுத்தவரை அது உண்மையும்கூட. ஒரு காலத்தில் ஸ்டார் ஆபீஸ் மெனுக்களை மனப்பாடம் செய்ய வைத்த பாடம், 2018–19இல் தொடங்கிய புதிய பாடத்திட்டத்தில் பதினொன்றில் சி++, பன்னிரண்டில் பைதான் என்று வளர்ந்தது. தமிழ்வழி மாணவர்களும் நிரல் எழுதக் கற்கிறார்கள். ஆனால் பி.இ. கலந்தாய்வுக்கான கட்-ஆஃப் 200இல் கணிதத்துக்கு 100, இயற்பியலுக்கும் வேதியியலுக்கும் தலா 50. கணினி அறிவியலில் வாங்கும் மார்க்குக்கு அங்கே இடமே இல்லை. கணினிப் பொறியியலுக்கே போனாலும் இதே கணக்கு. எனவே மே மாதத்தில் கனவோடு சேர்ந்த பாடம், பன்னிரண்டாம் வகுப்பின் டிசம்பரில் பின்வரிசைக்குத் தள்ளப்படுகிறது. லேபில் இருக்க வேண்டிய நேரத்தைக் கணித டெஸ்ட் எடுத்துக்கொள்கிறது.

வடிவமைப்புக்கு இன்னொரு தடை மொழி. ஐ.ஐ.டி.களின் பி.டெஸ். படிப்புக்கான யூசீட் தேர்வை எந்தக் குரூப் மாணவரும் எழுதலாம். ஆடை வடிவமைப்புக் கல்லூரியான நிஃப்டின் தேர்வும் அப்படியே. அதன் சென்னை வளாகம் 1995லிருந்து இயங்குகிறது. ஆடை வடிவமைப்பு படித்த மாணவிக்குக் கதவு திறந்தே இருப்பதாக விதிகள் சொல்கின்றன. நீட்டையும் ஜே.இ.இ. மெயினையும் தமிழில் எழுதலாம். இந்த வடிவமைப்புத் தேர்வுகளைத் தமிழில் எழுத வழியில்லை. ஆங்கிலவழிப் பள்ளியில் படித்து, ஓவியத்துக்குத் தனிப் பயிற்சி பெற்ற நகரத்துப் பிள்ளையோடு, இரண்டு ஆண்டுகள் பேட்டர்ன் வரைந்த அரசுப் பள்ளி மாணவி மோத வேண்டியிருக்கிறது. அதுவும், அப்படி ஒரு தேர்வு இருப்பதைப் பள்ளியில் யாராவது அவரிடம் சொல்லியிருந்தால்தான்.

ஆசிரியர் நிலைமையும் எல்லோருக்கும் தெரிந்ததுதான். தொழிற்கல்வி ஆசிரியர் ஓய்வு பெற்றால் அந்த இடம் நிரப்பப்படாமல், சில ஆண்டுகளில் பிரிவே மூடப்பட்ட பள்ளிகள் பல. வெளியே சி.என்.சி. இயந்திரங்கள் ஓட, உள்ளே பழைய லேத் துரு ஏறி நிற்கிறது.

எளிதாகச் சொல்லப்படும் தீர்வு, தொழில்நுட்பப் பாடங்களின் மார்க்கையும் பொதுக் கட்-ஆஃபில் சேர்த்துவிடுவது. அதன் பலன் புரிகிறது: கணக்கில் வரும் பாடத்தைத்தான் பள்ளிகள் நடத்தும். கேடும் தெரிந்ததே. செய்முறைத் தேர்வில் பள்ளிகள் மார்க்கை அள்ளிக் கொடுப்பது ஊரறிந்த வழக்கம். கட்-ஆஃபுக்குள் வந்த மறு ஆண்டே பட்டறைக்கும் கைடு புத்தகம் வரும், தகட்டை ராவாமலே முழு மார்க் விழும். எதிர்முனையில், மார்க்கே வேண்டாம் என்றால் பாடமே காணாமல் போகும். பதினொன்றாம் வகுப்புப் பாடத்தைத் தாண்டிப் பள்ளிகள் நேராகப் பன்னிரண்டுக்குப் போனதால்தான் 2017–18இல் பதினொன்றுக்கும் பொதுத்தேர்வு வந்தது. 2025 ஆகஸ்டில் வெளியான மாநிலக் கல்விக் கொள்கையோடு அந்தத் தேர்வு நீங்கிவிட்டது.

இந்த இரண்டுக்கும் நடுவே ஓர் இடம் இருக்கிறது. பதினொன்றாம் வகுப்பில் எல்லா குரூப்புக்கும் ஒரே ஒரு செய்முறைப் பாடம்: இயந்திரம், மின்னணு, துணி, நிரல் ஆகியவற்றில் ஒன்றை மாணவரே தேர்ந்து ஒரு பொருளைச் செய்து முடிக்க வேண்டும். அதற்கு மார்க் வேண்டாம்; வெளியிலிருந்து வரும் தேர்வாளர் பொருளைப் பார்த்துத் தேர்ச்சி தந்தால் போதும். ஃபர்ஸ்ட் குரூப் மாணவரும் அதே வைஸ் முன் நிற்கும்போது, பட்டறை மார்க் குறைந்தவர்களின் இடம் என்ற பெயர் தானாகவே தேயும். இயந்திரங்களை ஒவ்வொரு பள்ளிக்கும் வாங்கிக் குவிக்கவும் தேவையில்லை. டாடா டெக்னாலஜிஸுடன் 2022இல் செய்த ஒப்பந்தத்தின்படி 71 அரசு ஐ.டி.ஐ.கள் சுமார் 2,877 கோடி ரூபாய்த் திட்டத்தில் புதுப்பிக்கப்பட்டன. சனிக்கிழமைகளில் அவற்றின் பட்டறைகளை அருகிலுள்ள பள்ளிகளுக்குத் திறந்துவிடலாம். 71 இடங்கள் மாநிலம் முழுமைக்கும் எட்டாது என்பது உண்மை. மலைப்பகுதிப் பள்ளிகளும் பஸ் குறைந்த ஊர்களும் விடுபட்டுப்போகும். காலியாகக் கிடக்கும் தொழிற்கல்வி ஆசிரியர் பணியிடங்களை அந்த ஊர்களிலிருந்து நிரப்பத் தொடங்குவதே முறை.