பாபுவான்: மணலால் நிரப்பிய மலை

அங்கோர் பற்றி எழுதுகிறவர்கள் பாபுவானுக்கு வந்ததும் ‘உலகின் மிகப்பெரிய கல் புதிர்’ என்று சொல்லிவிட்டு அடுத்த கோயிலுக்குப் போய்விடுகிறார்கள். சுமார் 3 லட்சம் கற்கள், கழற்றி மறுபடி அடுக்கி 2011-ல் முடித்தார்கள், அவ்வளவுதான். கேட்க நல்லாத்தான் இருக்கு. ஆனா ஏன் கழற்ற வேண்டி வந்தது?

11-ம் நூற்றாண்டின் நடுவில் இரண்டாம் உதயாதித்தவர்மன் காலத்தில் சிவனுக்கு எழுப்பிய கோயில் இது. மேரு மலை என்று நினைத்து அடுக்கடுக்காக உயர்த்தியிருக்காங்க. உள்ளே இருப்பதோ வெறும் மணல். அதைச் சுற்றிச் சாந்து இல்லாமல் அடுக்கிய மணற்கல். மழைத் தண்ணீர் இறங்கினால் மணல் கனத்து வெளியே தள்ளும், சுவர் பிதுங்கும், ஒருநாள் சரியும். சரியத்தான் செய்தது. அதனால இதைக் காலம் சிதைத்த கோயில் என்று சொல்ல எனக்கு மனசு வரலை. குறை வடிவமைப்பிலேயே இருக்கு.

சிற்பியிடம் அந்தக் குறை கிடையாது. இரண்டாம் அடுக்கின் வாயில்களில் ராமாயண, மகாபாரதக் காட்சிகளைச் சின்னச் சின்னச் சதுரங்களாக ஒன்றின்மேல் ஒன்றாகச் செதுக்கியிருக்கிறார்கள். அங்கோர் வாட்டின் நீண்ட சுவர்ச் சிற்பங்களைவிட எனக்கு இவைதான் பிடிக்கும். (இதுக்குச் சண்டைக்கு வருவீங்கன்னு தெரியும்.)

13-ம் நூற்றாண்டின் கடைசியில் வந்த சீனர் சோவ் தாகுவான் இங்கே ஒரு வெண்கலக் கோபுரம் இருந்ததாக எழுதியிருக்கிறார். இன்று உச்சியில் கோபுரமே இல்லை. 16-ம் நூற்றாண்டு வாக்கில் மேலிருந்த கற்களை எடுத்து, மேற்குப் பக்கத்தில் ஏறக்குறைய 70 மீட்டர் நீளத்துக்குப் படுத்திருக்கும் புத்தரை அமைத்தார்கள்.

பிரெஞ்சு ஆய்வாளர்கள் 1960-ல் கற்களைப் பிரிக்கத் தொடங்கினார்கள். உள்நாட்டுப் போரில் வேலை நின்றது. எந்தக் கல் எங்கே என்ற பதிவேடுகள் கெமர் ரூஜ் காலத்தில் அழிந்தன. 1995-ல் மறுபடி தொடங்கியபோது புத்தரைக் கலைத்துவிட்டுச் சிவன் கோயிலை மட்டும் மீட்கலாம் என்ற சபலம் வந்திருக்கலாம். கலைக்கவில்லை. புதிரை முடிப்பது மட்டுமே நோக்கம் என்றால் இது தோல்வி. எனக்கு அந்த வேலையிலேயே பிடித்தது இந்த முடிவுதான்.

ஆனா ‘11-ம் நூற்றாண்டுக் கோயில் அப்படியே மீண்டது’ என்று எழுதுவதை ஏத்துக்க முடியாது. இன்று அந்த மணலைத் தாங்கி நிற்பது உள்ளே மறைத்துக் கட்டிய கான்கிரீட்.